சுசீலாபாயின் மத்தியான அவகாசம்

புதிதாக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் சுசீலாபாய் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, கழிப்பறையை. வாசலில் படி இருக்கிறதா, தரை வழுக்குமா, பிடித்து எழக் கம்பி உண்டா என்று பார்ப்பாள். அடுத்தது கட்டிலின் உயரம். தாழ்ந்த கட்டிலில் குனிந்து குனிந்து தூக்கினால் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார், தூக்கியவள் படுத்துவிடுவாள். நோயாளி மூன்றாவதுதான். நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். கழிப்பறைகள்தான் வீட்டுக்கு வீடு மாறும்.

மூன்றையும் பார்த்து முடித்தபின் வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்வாள்.

"உச்சைக்குச் சோறு குடுத்து, மருந்து குடுத்து, படுக்க வச்ச பெறவு ஒரு மணிக்கூர் எனக்க அவகாசம். அந்த நேரம் வீடு தீப்பிடிச்சாலும் என்னைக் கூப்பிடப்படாது. தண்ணி கோரி நீங்களே ஊத்திக்கிடணும்."

திருவனந்தபுரத்தில் ஹோம் நர்ஸ் என்றால் இரவும் பகலும் அந்த வீட்டிலேயே கிடக்கும் ஆள் என்று பொருள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயோ மடக்குக் கட்டிலோ போட்டுக் கொடுப்பார்கள். அவர் இருமினால் இவள் விழிக்க வேண்டும். இருமாவிட்டாலும் விழித்து, ஏன் இருமவில்லை என்று பார்க்க வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, புருஷன் போனபின் எல்லை தாண்டி வந்தவள், அறுபதைக் கடந்தும் இப்படி அடுத்தவர் கட்டிலின் ஓரத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தாள். மற்ற ஹோம் நர்சுகள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்கள். சுசீலாபாய் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

அதற்குள் என்ன செய்வாள் என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டாள். தலை உலர்த்துவாள். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும் முறையை மனதுக்குள் குறை சொல்வாள். ஆனால் ஆரியசாலை நெல்லையப்பன் வீட்டுக்கு வந்த காலத்தில் அந்த மணி நேரத்துக்கு அவளிடம் ஒரு காரியம் இருந்தது. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் சேலையை மாற்றிச் சுரிதார் போட்டுக்கொண்டு, ஓர் ஆட்டோ பிடித்து, டிரைவிங் பழகும் மைதானத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவள் ஸ்கூட்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் சாதாரணமானது. நேமத்தில் தங்கை ரத்னாபாயின் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டாகிவிட்டது. அதில் படுக்கத்தான் ஆள் இல்லை. ஊரில் எத்தனையோ வீடுகளில் காலையில் ஒருவர் வந்து நோயாளியைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, மூத்திரக் குழாய் மாற்றிவிட்டுப் போனால் போதும் என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் போனால் இரண்டு வீட்டுக்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். ஸ்கூட்டர் இருந்தால் ஐந்தாறு வீடு முடித்து, சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்து, தன் கட்டிலில் காலை நீட்டலாம். யார் இருமினாலும் அவர்கள் பாடு. லைசென்ஸ் எடுத்தால் இந்த வாழ்க்கை. எடுக்காவிட்டால் சாகிற வரைக்கும் மடக்குக் கட்டில்.

நெல்லையப்பன் ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்தக்கடை நடத்தியவர். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இவர் மகள் பொன்செல்வியின் வீட்டில் இருந்தார். சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மூட்டைமேல் ஏறி, கீழே வந்தது மட்டும் வேறு விதமாக அமைந்துபோய், இடுப்பெலும்பு முறிந்து ஆப்பரேஷன் நடந்தது. ஆப்பரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. எழுந்து நிற்கலாம், வாக்கர் பிடித்து நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். நெல்லையப்பன் அசையவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாதிரியே கட்டிலில் திண்டு வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"நிக்கச் சொல்லுதவன் யாரும் விழுந்தவன் இல்ல" என்பார். "விழுந்தவனுக்குத்தான் தரை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியும்."

பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் பயத்தை அவர் வாதமாக மாற்றிப் பேசுவார். வந்த பிசியோதெரபிஸ்ட் அந்த வாதத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் வணிகர் மன்றத்து லிங்கராஜ் போன் செய்தார். மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், அண்ணாச்சிக்குத்தான் சொல் ஆராய்ச்சியில் பிரியமாயிற்றே, ஏதாவது ஒரு சொல்லைப் பற்றி இருக்கட்டும் என்றார். நெல்லையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாராவது தும்மினால்கூட அந்தத் தும்மலுக்கு வேர்ச்சொல் தேடுகிறவர் அவர்.

எந்தச் சொல் என்று யோசித்துக்கொண்டிருந்தவரின் கண் சோறு எடுத்துவந்த சுசீலாபாய்மேல் விழுந்தது.

"நீ அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னியே. அவகாசம். அதையே எழுதுவோம்."

"எழுதுங்க. நல்லது."

"எனக்குக் கை நடுங்குது. நான் எழுதினா அச்சுக்காரன் கோழி கிறுக்கினதும்பான். பொன்செல்வி மலையாளத்துல படிச்சவ, தமிழ்ல கையெழுத்துப் போடத்தான் தெரியும். நீதான் எழுதணும்."

"குளிப்பாட்டும்போது சொல்லுங்க. மனசுல வச்சுக்கிடுகேன்."

"குளிக்கும்போது எனக்கு வார்த்தை வராது. காலையில பேப்பர் படிக்கணும். சாயங்காலம் ஆள் வரும். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சாத்தான் மூளை ஓடும். அவகாசத்தைப் பத்தி அவகாசத்துலதானே எழுதணும்?"

சிரிக்காமல் சொன்னார். சுசீலாபாய் மறுத்துப் பார்த்தாள். அலுவலகத்திலிருந்து வந்த பொன்செல்வி, "அக்கா, அப்பா ஆப்பரேஷனுக்கப்புறம் ஒரு காரியத்துல ஆசை வச்சது இதுதான். ரெண்டு நாள்தானே, ப்ளீஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்கிறவர்களிடம் சுசீலாபாய் தடுமாறிப்போவாள். வேலையில் அவள்தான் மற்றவர் கையைப் பிடிப்பது வழக்கம்.

முதல் நாள் நெல்லையப்பன் திண்டில் சாய்ந்து, கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினார்.

"இடை என்றால் நடு. வேளை என்றால் பொழுது. இரண்டு பொழுதுக்கு நடுவே வருவது இடைவேளை. மலையாளி இடவேள என்பான். அதை இன்டர்வெல் என்று சொல்லிக் கடலை வாங்கப் போகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. ஆனால் இந்தச் சொல் நமக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா எதுக்கு எழுதணும்?" என்றாள் சுசீலாபாய்.

"வேண்டாதது எதுன்னு சொன்னாத்தான் வேண்டியது எதுன்னு படிக்கிறவனுக்குத் தெரியும்."

அன்று அந்த மணி நேரம் முடியும் வரை அவகாசம் என்ற சொல்லே கட்டுரைக்குள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓய்வு, ஒழிவு, இடைவெளி, சந்து, பொந்து எல்லாம் வந்தன. மைதானத்திலிருந்து ரெம்யா போன் செய்தாள். டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். சுசீலாபாயின் மகள் வயதுகூட இருக்காது.

"அம்மச்சி எந்தா வராத்தது? டெஸ்ட் டேட் வந்நு. எட்டு இதுவரெ ஷரியாயில்லல்லோ."

எட்டு என்பது எட்டு வடிவில் கம்பி நட்டு வைத்திருக்கும் பாதை. ஸ்கூட்டரில் அதை ஒருமுறை சுற்றி வர வேண்டும். கம்பியைத் தட்டக்கூடாது. காலைத் தரையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுசீலாபாய்க்கு முதல் வட்டம் வந்துவிட்டது. இரண்டு வட்டமும் சந்திக்கும் நடுவிடத்தில்தான் வண்டி ஆடும். கால் தானாகத் தரைக்குப் போகும்.

போனை வைத்துவிட்டு அவள் ஒரு வழி யோசித்தாள். நோயாளியிடம் கோபப்படுவது அவள் பயிற்சியில் இல்லை. நோயாளியிடம் பேரம் பேசுவது உண்டு. சாப்பிடாத கிழவிக்கு, ஒரு வாய் சாப்பிட்டால் மருமகளைப் பற்றி ஒரு குறை கேட்பேன் என்று சொல்லித் தட்டையே காலி செய்ய வைத்தவள் அவள்.

மறுநாள் மத்தியானம் வாக்கரைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, இனி நிக்கும்போது சொல்லுங்க, எழுதுகேன். உக்காந்தா பேனாவ மூடிருவேன்."

"இது என்ன சட்டம்?"

"எனக்க சட்டம். அவகாசம் எனக்குள்ளது, பேனாவும் எனக்குள்ளது. வாக்கர் மட்டுந்தான் ஒங்களுக்கு."

அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பொன்செல்வி வர இன்னும் நேரமிருந்தது. கடைசியில், தொண்டையில் சிக்கி நின்ற வாக்கியம் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. சுசீலாபாய் முதுகுப்பக்கம் கை கொடுக்க, வாக்கரைப் பிடித்து எழுந்தார். கால் நடுங்கியது.

"அவகாசம் வடசொல்" என்றார். "காச் என்றால் ஒளிர்வது, தெரிவது. ஆகாசம், பிரகாசம் எல்லாம் அந்த வேர்."

உட்கார்ந்துவிட்டார். பேனா மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானா?"

"நாளைக்கு."

"செரி" என்று சுசீலாபாய் அவரைப் படுக்க வைத்து, சுரிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று மைதானத்தில் காலூன்றியபோதுகூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சில நாள் இப்படியே நடந்தது. நின்று சொல்ல வேண்டியிருந்ததால் நெல்லையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார். சந்து, பொந்து, கடலை எல்லாம் உதிர்ந்துபோயின. தமிழில் அவகாசம் என்றால் கிடைத்த நேரம் என்றும், மலையாளத்தில் அதே சொல் உரிமை ஆகிவிட்டது என்றும் சொன்னார். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் வஞ்சியூர்க் கோர்ட்டில் வக்கீல் வாயிலிருந்து அதைக் கேட்டாராம். குண்டூரிலிருந்து வத்தல் அனுப்பும் தெலுங்கு வியாபாரிகள் அதையே வாய்ப்பு என்ற பொருளில் சொல்வார்களாம். நேரம், உரிமை, வாய்ப்பு என்று மூன்று ஊரில் மூன்று வேஷம் போட்டாலும், ஆதியில் அது நடுவே கிடக்கும் வெற்றிடம்தான் என்றார்.

"வத்தல் மூட்டைய அடுக்கும்போது சுவருக்கும் அடுக்குக்கும் நடுவுல ஒரு சாண் விடணும். வெளிச்சமும் காத்தும் போகணும். விடலைன்னா பூசணம் பிடிக்கும். அந்த ஒரு சாண்தான் அவகாசம். எழுது."

"ரெண்டு தொடைக்கு நடுவிலயும் அப்படித்தான் அண்ணாச்சி. தலையணை வைக்கலைன்னா புண்ணு வரும். அதையும் எழுதவா?"

"மலர் பெரிய மனுசங்க படிக்கிறது."

"பெரிய மனுசங்களுக்கும் தொடை ரெண்டுதானே."

அவருக்குச் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். பேனா மூடிக்கொண்டது.

பொன்செல்வி அப்பா நிற்பதைப் பார்த்து அழுதுவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டார். சுசீலாபாய் திருத்தவில்லை. மணி நேரத்தில் முக்கால்வாசி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அது போதும்.

அவள் கணக்கு தப்பியது ஓர் இடத்தில்தான். நிற்க நிற்கக் கால் பலப்படும். கால் பலப்பட்டால் வாக்கியம் நீளும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனாலும் ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் மறந்துபோனாள்.

ஒரு நாள் நெல்லையப்பன் ஜன்னல் ஓரமாக நின்று சொல்லிக்கொண்டே இருந்தார், உட்காரவே இல்லை. நிறுத்தும் நேரம் பார்த்து அவள் செருப்பைத் தேட, "எங்கே போற?" என்றார்.

"வெளிய."

"தினமும் எங்கே போற? ஜெபக்கூட்டமா? ஜெபத்துக்கு இப்படித் தலையெல்லாம் அமுங்கி வரமாட்டாங்க. யாராவது ஆளைப் பாத்து வச்சிருக்கியா?"

"இந்த வயசுல ஆளப் பாத்தா அவனுக்கும் நான்தான் மூத்திரக் குழாய் மாத்தணும். ஸ்கூட்டர் படிக்கேன் அண்ணாச்சி. டெஸ்ட் வருது."

அவர் சிரித்தார். சிரிப்பில் வாக்கரே குலுங்கியது. பிறகு எதற்கு என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. நேமத்து அறையைச் சொன்னாள், காலையில் போகப்போகும் வீடுகளைச் சொன்னாள்.

"அப்போ இங்கே?"

"இங்கே வேற ஆள் வரும். இல்லேன்னா ஆளே வேண்டாம். நல்லாத்தானே நிக்குதீங்க."

நெல்லையப்பன் வாக்கரோடு கட்டிலுக்குத் திரும்பினார். மறுநாளிலிருந்து அவகாசம் பெருக்கெடுத்தது. சாவகாசம் என்ற சொல் வந்தது; அவகாசத்தோடு கூடியது சாவகாசம், அதனால்தான் நிதானமாக என்று பொருள் என்று விளக்கமும் வந்தது. கன்னடம் வந்தது. சமஸ்கிருத வாத்தியார் ஒருவரைப் போனில் பிடித்து அவரிடம் கேட்டதெல்லாம் வந்தது. நின்றபடியே மணி நேரம் முழுவதையும் பேசினார். கால் வலித்தால் வாக்கரோடு அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டு பேசினார். உட்கார்ந்தால்தானே அவள் பேனாவை மூட முடியும்.

சுசீலாபாய் போட்ட சட்டம் சுசீலாபாயையே கட்டிப்போட்டது. மாற்றலாம் என்றால் பொன்செல்வி சாயங்காலம் வந்து, "இன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னாங்க அக்கா?" என்று கேட்கும்போது வாய் வரவில்லை. மைதானம் போவது நின்றது. டெஸ்ட் நெருங்கியது.

அப்போதுதான் லிங்கராஜ் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார். நெல்லையப்பன் கழிப்பறையில் இருந்ததால் சுசீலாபாய் எடுத்தாள்.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க, மலர் அச்சாகி வந்தாச்சு. ரெண்டு காப்பி அனுப்புதேன். அவுக கட்டுரையத்தான் எல்லாரும் சொல்லுதாங்க. அரைப் பக்கம்தான், ஆனா ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அண்ணாச்சிக்கு இவ்வளவு சுருக்கமா எழுத வரும்னு எங்களுக்கே தெரியாது."

"எப்பம் அனுப்பினாவ?"

"அது கொஞ்ச நாள் ஆச்சே. அண்ணாச்சி சொல்லி பொன்செல்விதான் போட்டோ எடுத்து அனுப்பிச்சு. அப்பமே அச்சுக்குக் குடுத்தாச்சு."

சுசீலாபாய் போனை வைத்தாள். முதல் சில நாள் கால் நடுங்க நின்று சொன்னது மட்டும்தான் கட்டுரை. அதற்குப்பின் வந்த சாவகாசம், கன்னடம், சமஸ்கிருத வாத்தியார் எல்லாம் எந்த மலருக்கும் இல்லை. அவள் மைதானத்துக்குப் போகாமல் இருப்பதற்காக ஒரு மனிதன் தினமும் ஒரு மணி நேரம் ஒடிந்த இடுப்போடு நின்றிருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, ஆப்பரேஷன் முடிந்து இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நேரம் நின்ற நோயாளியை ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லையே என்ற எண்ணமும் வந்தது.

கழிப்பறைக் கதவு திறந்தது.

"யார் போன்ல?"

"லிங்கராஜண்ணன். மலர் வந்தாச்சாம்."

நெல்லையப்பன் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது ரெண்டாம் பாகம்" என்றார்.

"இருக்கட்டும். ரெண்டாம் பாகத்த மைதானத்துல வச்சு எழுதுவோம். சட்டைய மாத்துங்க."

"எந்த மைதானம்?"

"நான் விழுகத நீங்க பாக்காண்டாமா?"

இந்த அழைப்பை அவரால் மறுக்க முடியவில்லை. பொன்செல்விக்குப் போனில் சொல்லி, டாக்டர் வெளியே நடக்கச் சொன்னதை நினைவுபடுத்தி, ஆட்டோவில் பின் சீட்டில் தலையணை வைத்து அவரை ஏற்றினாள். வழியெல்லாம், வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் முனகினார். மைதானத்தைப் பார்த்ததும் முனகல் நின்றது.

ரெம்யா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தாள். "வேண்டாம் மோளே, நிக்கட்டு" என்றாள் சுசீலாபாய். "நின்னு பேசி நல்ல பழக்கம் உண்டு."

ஹெல்மெட்டை மாட்டி எட்டுக்குள் போனாள். முதல் வட்டம் முடிந்தது. நடுவில் வண்டி ஆடியது. கால் தரையில் குத்தியது. மைதானத்தின் ஓரத்திலிருந்து நெல்லையப்பனின் சிரிப்பு கேட்டது.

"அம்மச்சி முன்னாலுள்ள வீலையே நோக்குன்னு" என்றாள் ரெம்யா. "எங்கோட்டு நோக்குன்னோ அங்கோட்டே வண்டி போகும். தூரே நோக்கணும்." பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது: நெல்லையப்பன் வட்டத்துக்கு வட்டம் நடுவில் போய் நின்றால் சுசீலாபாய் அவரைப் பார்த்தே சுற்றலாம். நெல்லையப்பனிடம் போனாள். "அப்பூப்பா, இவிடெ ஒந்நு நில்க்குமோ? அம்மச்சி முதல் வட்டம் திரியும்போ இவிடெ. ரெண்டாமத்தேதுக்கு அவிடேக்கு நடக்கணும். அம்மச்சி அப்பூப்பனெ நோக்கி ஓடிக்கட்டெ."

"நான் என்ன கம்பமா?" என்றார் அவர். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சுசீலாபாய் பார்த்துவிட்டாள். மூட்டை எடை போடும்போது கட்டை விரலைத் தராசில் வைக்கப்போகிற வியாபாரியின் முகம் அது.

அவள் வண்டியை எடுத்தாள். முதல் வட்டத்தில் அவரைப் பார்த்து வந்தாள். நடுவிடம் வந்தபோது, இரண்டாவது இடத்துக்கு நடக்க வேண்டியவர் நடந்தார்; ஆனால் அதைவிட மெதுவாக யாராலும் நடக்க முடியாது. வாக்கரை ஒரு சாண் தூக்கி வைப்பது, நின்று வேட்டியைச் சரிசெய்வது, வானத்தைப் பார்ப்பது, பிறகு இன்னொரு சாண். அவர் வழி விட்டுப் போய்ச் சேராவிட்டால் அவள் நின்றாக வேண்டும். நின்றால் காலூன்றியாக வேண்டும்.

சுசீலாபாய்க்குப் புரிந்தது. எதிரே நடக்கிற மனிதனை இடிக்கவும் முடியாது. பின் பிரேக்கை லேசாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை நூல் அளவுக்கு விட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி வண்டியை ஊர்ந்துவர விட்டாள். வாக்கர் ஒரு சாண் நகர்ந்தால் ஸ்கூட்டர் ஒரு முழம் நகர்ந்தது. நோயாளியை நடத்திக்கொண்டு போகும்போது அவளுடைய நடை எப்படி இருக்குமோ அப்படித்தான் வண்டி வந்தது. முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. இதுவரை எட்டில் அவசரப்பட்டதுதான் தவறு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஸாவகாசம், அம்மச்சீ, ஸாவகாசம்" என்று ரெம்யா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

நெல்லையப்பன் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பினார். "பாத்தியா, நான் அன்னைக்குச் சொன்னேம்லா, அவகாசத்தோட கூடினது" என்று தொடங்கி, மெதுவாக நடக்க வேண்டும் என்பதையே மறந்து விறுவிறுவென்று இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். சுசீலாபாய் அவரைச் சுற்றிக்கொண்டு எட்டை முடித்தாள். கால் தரையில் படவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

அன்று அவள் பலமுறை சுற்றினாள். அத்தனை முறையும் அவர் இங்கும் அங்கும் நடந்தார். திரும்பும்போது ஆட்டோவில் அவருக்கு மூச்சு வாங்கியது, அவளுக்குத் தோள் வலித்தது.

டெஸ்ட் நாள் காலையில் நெல்லையப்பன் தலை சுற்றுகிறது என்றார். சுசீலாபாய் ரத்த அழுத்தம் பார்த்தாள், நாடி பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாம் எனக்குள்ளதை விட நல்லா இருக்கு. பொன்செல்வி லீவு போட்டிருக்கு. சுத்தினா கட்டிலப் பிடிச்சுக்கிடுங்க."

"நான் செத்துப்போனா?"

"உச்சைக்கு வந்திருவேன். அதுவரை பொன்செல்வி வச்சுக்கிடட்டு."

இன்ஸ்பெக்டர் அவள் வயதைத் தாளில் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார். அவளுக்கு முன்னால் போன பையன்கள் இரண்டு பேர் வேகமாகப் போய்க் கம்பியைத் தட்டினார்கள். சுசீலாபாய் யாரோ வாக்கரில் முன்னே நடக்கிறார் என்று வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய், போதும் என்று கையைக் காட்டி, "மதி, மதி, இறங்கிக்கோ" என்றார். ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னார். அதையும் ஓட்டிக் காட்டினாள். பாஸ்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது பொன்செல்வி கேக் வாங்க ஓடினாள். நெல்லையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பகலில் அவர் படுத்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"இடுப்பு போச்சு" என்றார் சுவரிடம். "மைதானத்துல நடந்தது ஒத்துக்கிடலை. இனி எந்திரிக்க மாட்டேன்னு நினைக்கேன். உன் அஞ்சாறு வீட்டுல முதல் வீடா என்னைய வச்சுக்கோ. காலையில வந்து குளிப்பாட்டிட்டுப் போ."

"படுத்துக் கிடக்கியவியளுக்குத்தான் நான் போவேன். நடக்கியவிய வீட்டுக்கு எனக்கு நேரம் இல்ல."

"நான்தான் படுத்துக் கிடக்கேன்லா?"

சுசீலாபாய் போர்வையை விலக்கி, அவர் காலை முழங்காலில் மடக்கி, நீட்டி, பாதத்தைத் தன் கையில் வைத்து, "தள்ளுங்க" என்றாள். அவர் சும்மா இருக்க நினைத்தார். வாக்கியம் முழுவதையும் நின்று சொல்லிப் பழகிய கால் கேட்கவில்லை. அவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள்.

"படுத்துக் கிடக்கிய காலா இது?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். யாரிடம் தோற்றோம் என்று கணக்குப் பார்ப்பவர்போலச் சிறிது நேரம் தன் இரண்டு முழங்காலையும் பார்த்தார்.

"ரெண்டாம் பாகம் பாதியில நிக்குது" என்றார். "அதை யாரு எழுதுவா?"

"ஞாயித்துக்கிழமை உச்சைக்கு மேல நான் சும்மாதான் இருப்பேன். நேமத்துக்கு வாங்க. எழுதுகேன்."

"நேமத்துக்கா? ஆட்டோவுலயா?"

"ஆட்டோவுல வந்தா எழுத மாட்டேன். பஸ்ஸுல வரணும்."

"எந்த பஸ்? எங்கே ஏறணும்?"

"கிழக்கேகோட்டையில ஏறணும். படி உயரமா இருக்கும்."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் அடுக்களைக்குப் போய், பொன்செல்வி பரணில் இருந்து சாமான் எடுக்க ஏறும் மரப்படியைத் தூக்கிவந்து ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போட்டாள். ஆடுகிறதா என்று தன் காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அவரை எழுப்பி, ஒரு கையை ஜன்னல் கம்பியில் வைத்து, மறுபக்கம் தான் நின்றுகொண்டாள்.

"ஏறும்போது நல்ல கால் முதல்ல" என்றாள். "இறங்கும்போது ஒடிஞ்ச கால் முதல்ல. மாத்தி வச்சிராதீங்க. கண்டக்டர் திட்டுவான்."

நெல்லையப்பன் நல்ல காலைத் தூக்கினார்.